நடுவில் நிற்பவள்

அக்கா,

அன்றைக்கு நீங்கள் வந்தபோது டீ வரவழைத்து வைத்தேன். நீங்கள் தொடவே இல்லை. வெயிலில் அவ்வளவு தூரம் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குப் புத்தி எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். உங்கள் தங்கை கடைசியாக என்ன சொன்னாள் என்பது ஒன்று. அவள் அறைத்தோழி வாளி உங்களுக்கு ஃபோன் செய்து சொன்னது உண்மைதானா என்பது இன்னொன்று. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்று எழுந்துகொண்டேன். இன்று விடுமுறை, மணி அடிக்காது. உட்கார்ந்து நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உங்கள் தங்கையை விடுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒல்லி உடம்பு, முகத்தில் பாதிக்குக் கண்ணாடி. சேர்ந்த முதல் வாரமே தும்பி ஆகிவிட்டாள். கணிதம் முதலாம் ஆண்டு. நான் உடற்கல்வி கடைசி ஆண்டு, கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். என்னைக் கோச்சக்கா என்பார்கள். கோச் வேறு, கேப்டன் வேறு என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன், யார் காதில் விழுந்தது.

நோய் பரவி எல்லாவற்றையும் பூட்டிய வாரத்தில் இருநூறு பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பதினான்கு பேர் மாட்டிக்கொண்டோம். பஸ் கிடைக்காதவர்கள், போக இடம் இல்லாதவர்கள். தும்பிக்கு இடம் இருந்தது. ஆனால் நீங்கள் நோயாளிகளோடு இருக்கும் நர்ஸ். வீட்டுக்கு வந்தால் என்னால் உனக்கு ஒட்டிக்கொள்ளும், அங்கேயே பத்திரமாக இரு என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். அதைப் பெருமையாகச் சொல்வாள். எங்கக்கா ராத்திரி பகலா நிக்குறாங்க, நான் இங்க சும்மா உக்காந்து சாப்பிடறேன் என்பாள்.

சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அங்கே பிரச்சினை. பத்தொன்பது இருபது வயது உடம்புகள் பதினான்கு, மூன்று மாடி, பூட்டிய கேட். முதல் வாரம் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். இரண்டாவது வாரம் எலியும் பூனையும். சார்ஜருக்குச் சண்டை, ஜன்னல் ஓரக் கட்டிலுக்குச் சண்டை, யார் முதலில் இருமியது என்று சண்டை. குளியலறை வரிசையில் முந்திக்கொண்டவளை வேதியியல் படிக்கும் ஒருத்தி பிளாஸ்டிக் வாளியால் தலையில் அடித்தாள். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, வாளிதான் இரண்டாகப் பிளந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் வாளி. தும்பியின் அறைத்தோழியும் அவள்தான்.

வார்டன் மேடம் சர்க்கரை நோயாளி. பயத்தில் அறையை விட்டு வெளியே வருவதில்லை. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் இருந்துதான் பேசுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் ஸ்போர்ட்ஸ் படிக்கிறியே. இதுங்கள ரெண்டு வேளையும் ஓட விடும்மா. உடம்பு அசந்துபோச்சுன்னா வாய் தானா மூடிக்கும்.”

எனக்கும் அது வசதியாக இருந்தது. கடைசி ஆண்டு ஆய்வறிக்கைக்கு நான் எடுத்திருந்த தலைப்பு உடற்பயிற்சியும் மாணவர்களின் முரட்டுத்தனமும். கல்லூரியே மூடிவிட்டபோது எங்கே போய் யாரை அளப்பது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஃபோனில் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. “பதினாலு பேர், ஒரே சாப்பாடு, ஒரே கூரை. யாருக்கும்மா இப்படி அமையும்? ஆறு வாரம் ஒரு நாள் விடாம எழுது” என்றார்.

அன்றே ஒரு நோட்டு போட்டேன். கை ஓங்கினால் ஒரு சண்டை. பொருளை எறிந்தால் ஒரு சண்டை. ஒருத்தி அழும்வரை இன்னொருத்தி திட்டினால் அதுவும் ஒன்று. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மொட்டை மாடியில் ஓட்டம். நான்கு மூலையிலும் தண்ணீர்த் தொட்டி, அவற்றைச் சுற்றி இருபது சுற்று, பிறகு குனிந்து நிமிர்வது, கயிறு தாண்டுவது. நாளுக்கு ஆறு ஏழு என்று இருந்த சண்டை, ஓட்டம் தொடங்கிய இரண்டாவது வார முடிவில் ஒன்றாகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. வார்டன் மேடம் கதவைத் திறந்து, மாஸ்க்கோடு, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். இதுவரை நான் செய்ததில் ஒரு தவறும் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

மூன்றாவது வாரம் எண்ணிக்கை மறுபடி ஏறியது. சுற்றுகளை முப்பது ஆக்கினேன், நாற்பது ஆக்கினேன். பயனில்லை. களைத்த உடம்போடும் சண்டை போட்டார்கள். ஓடிப் பழகியதில் வலு கூடியிருந்தது, அறைந்தால் முன்னைவிட நன்றாக விழுந்தது. இதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை. வரைபடத்தில் ஏறுகிற கோட்டை யார் விரும்புவார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை, சலிப்புக்கு மாற்றாக இருக்கட்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தேன். ஒருத்தி நடுவில் நிற்பாள், மற்றவர்கள் வட்டமாக நின்று பந்தை எறிவார்கள், அவள் விலகித் தப்பிக்க வேண்டும். சிறுபிள்ளைகள் விளையாடுவதுதான். தும்பியின் முறை வந்தது. அவளுக்கு விலகத் தெரியாது. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள், அது வந்து விழும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, எறிவது நிற்கவில்லை. நல்ல வேகமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எறிந்தார்கள். கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்த பிறகுதான் நான் விசில் ஊதினேன். தும்பி உதட்டைத் துடைத்துக்கொண்டு, “நல்லவேளை, இன்னொரு பக்கம் இருக்கு” என்றாள்.

அவள் பெட்டி வீட்டுக்கு வந்து நீங்கள் திறந்தபோது கண்ணாடியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது என்று சொன்னீர்களே. நான்தான் ஒட்டிக்கொடுத்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருத்திக்கொருத்தி பரிமாறிக்கொண்டார்கள். ஞாயிறு ஒரு சண்டை இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் படிப்பு.

நான்காவது வாரத்திலிருந்து ஒரு விதி கொண்டுவந்தேன். மாலை ஓட்டத்தில் யார் கடைசியாக வருகிறாளோ அவள் நடுவில் நிற்க வேண்டும். விதி எல்லோருக்கும் பொது. நானே கடைசியாக வந்தால் நானும் நிற்பேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கடைசியாக வருவது தினமும் தும்பிதான் என்பது விதியின் குற்றமில்லை. முதல் நாள் வாலிபால். பிறகு அதில் காற்று இறங்கிவிட்டது, பம்பு விளையாட்டு அறையில் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக் கூடைப்பந்துக்கு மாறினோம். கூடைப்பந்து கனம். பம்பு என் அலமாரியில் இருந்தது.

பதினாறு நாள் தொடர்ந்து சண்டைக் கணக்கில் சுழியம் எழுதினேன். தும்பியின் தோளிலும் முதுகிலும் இருந்த கன்றல்களை எழுதவில்லை. விளையாட்டில் படுவதை யாரும் சண்டையில் சேர்ப்பதில்லை.

அவள் அழுதாளா என்று நினைப்பீர்கள். அழவில்லை. ஒருமுறை கேட்டாள், “கோச்சக்கா, காலையில தனியா ஓடிப் பழகட்டுமா, வேகம் வருமான்னு பாக்கறேன்.” தாராளமாக என்றேன். ஐந்து மணிக்கே எழுந்து தனியாக ஓடினாள். ஆனால் அதிகாலையில் ஓடிக் களைத்தவள் மாலையில் இன்னும் மெதுவாகத்தான் வருவாள். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

என் ஆய்வறிக்கைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். கணக்குப் பிள்ளை, கோடு வரைந்தால் அச்சடித்தது மாதிரி இருக்கும். என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதி உடைந்த கண்ணாடியோடு புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தவள், நான்காவது வாரத்தில் பென்சிலை நிறுத்தினாள்.

“இங்க என்ன மாத்துனீங்க, கோச்சக்கா? ஏறிட்டிருந்தது இப்படிச் சட்டுனு தரைக்கு வராதே.”

“பந்து விளையாட்டு சேர்த்தேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப இது நான்தானா?” என்றாள். நான் அளவுகோலை அவள் பக்கம் நகர்த்தினேன். “சரி. யாரும் அடிச்சுக்காம இருக்காங்கல்ல” என்று சொல்லி, மீதிக் கோட்டைக் கடைசிவரை நேராக வரைந்து முடித்தாள். அவளுக்கு விருப்பமில்லை என்றால் அன்றே சொல்லியிருக்கலாம். பல வருடம் இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கப் போனேன்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்தாள். கையில் புதிதாகப் பிரித்த சோப்பு.

“கோச்சக்கா, இத மோந்து பாருங்க. வாசனை வருதா?”

வந்தது. மல்லிகை வாசனை, அறை முழுக்க.

“எனக்கு ஒண்ணுமே வரல” என்றாள். நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

அது என்ன என்று அந்த மாதங்களில் குழந்தைக்கும் தெரியும். நான் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்திருக்கும். மாடியைப் பூட்டியிருப்பார்கள், எல்லோரையும் அறைக்குள் அடைத்திருப்பார்கள். ஆறு வாரம் முடிய ஆறு நாள் இருந்தது. அறிக்கைக்காக மட்டும் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடைபட்டால் மறுபடியும் ஒருத்தியை ஒருத்தி குதறுவார்கள், நடுவில் நிறுத்த வேறு ஆள் வேண்டியிருக்கும் என்றும் யோசித்தேன். பதின்மூன்று பேருடைய நிம்மதி ஒரு பக்கம். அவள் ஒருத்தி ஒரு பக்கம்.

“யார்கிட்டயும் மூச்சு விடாத. சொன்னா உன்னத் தனியா எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க” என்றேன்.

“எங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடறேனே. அவங்களுக்கு இதெல்லாம் தெரியும்.”

“அவங்க வார்டுல நிக்கறாங்க. நீ சொன்னா பயத்துல அங்க ஒரு ஊசிகூட ஒழுங்காப் போட முடியாது. ரெண்டு நாள் பாப்போம்.”

தலையாட்டினாள். அந்த வாரம் உங்களோடு பேசியபோதெல்லாம் சளி பிடித்த குரல் என்று கேட்டீர்களாமே. குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்ததாகச் சொன்னாளாமே. அதைச் சொல்லிக்கொடுத்தது நான்.

காய்ச்சல் உடம்பை ஓட விடக்கூடாது என்பது எங்களுக்கு முதலாம் ஆண்டுப் பாடம். அந்தக் கேள்வி தேர்விலும் வந்தது. சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனாலும் ஓட விட்டேன். ஓடாவிட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். செவ்வாய் இருபது சுற்று ஓடினாள். புதன் பதினைந்து. இரண்டு நாளும் நடுவில் நின்றாள். மாத்திரை மட்டும் நேரத்துக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை ஒன்பதாவது சுற்றில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் வர இரண்டரை மணி நேரம். அன்றைக்கு ஊரில் எந்த வண்டிக்கும் அவ்வளவு நேரம்தான் ஆனது. வாளி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை இழு, இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆக்சிஜன் வைப்பதற்குள் போய்விட்டாள் என்று மறுநாள் வார்டன் மேடம் கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னார். நோயால் இறந்ததாகச் சான்றிதழ். முகத்தைக்கூட உங்களுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நீங்கள் நர்ஸ், தோளைப் பார்த்திருப்பீர்கள், நெஞ்சைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரமாக அறையில் ஓய்வில் இருந்தாள் என்று ஒரு தாள் எழுதி வார்டன் மேடம் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக நானும் போட்டேன். அடுத்த வாரம் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோரும் பிழைத்துக்கொண்டோம். என் அறிக்கைக்குத் துறையில் முதல் பரிசு கிடைத்தது. இந்த உடற்கல்வி ஆசிரியை வேலையும் அதனால்தான்.

இப்போது தினமும் மாலை நாற்பது பிள்ளைகளை ஓட விடுகிறேன். திரும்பி நின்றுகொண்டு காலடியைக் கேட்டே எத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவேன். பழக்கம். நாற்பதும் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு காலடி வந்துகொண்டிருக்கும். இடது கால் கொஞ்சம் இழுபடும். அடிப்பகுதி விட்டுப்போன கேன்வாஸ் ஷூ சிமெண்ட்டில் உரசுகிற சத்தம். இங்கே மைதானம் மண் தரை. அது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, மூச்சு வாங்கும். நான் கலையலாம் என்று சொல்லும்வரை அங்கேயே நிற்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் நான்கு வருடமாகத் திரும்பவில்லை. மல்லிகை சோப்பை யாராவது போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தால் அருகில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சக ஆசிரியர்கள் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

இப்போது வாளி சொன்னதற்கு வருகிறேன். நாங்க எல்லாரும் சேர்ந்துதான் அவளக் கொன்னோம் என்று உங்களிடம் அழுதாளாம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாள், வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றும் சொன்னீர்கள். வாளி எனக்கும் வருடா வருடம் அதே தேதியில் செய்தி அனுப்புவாள். நாம எல்லாரும்தானே கோச்சக்கா என்று கேட்பாள். ஆமாம் என்று பதில் போடுவேன்.

அந்த ஆமாம் பொய்.

அந்த வியாழக்கிழமை தும்பி தொட்டியைப் பிடித்து நின்றதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் விதியைச் சொன்னேன். அவள் நடந்துவந்து நடுவில் நின்றாள். பந்து வாளியிடம் இருந்தது. வாளி அதைக் கீழே போட்டாள்.

“நான் எறிய மாட்டேன் கோச்சக்கா. அவளுக்கு என்னமோ பண்ணுது.”

அடுத்தவள் பந்தை எடுக்கவில்லை. அதற்கு அடுத்தவளும் இல்லை. பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆறு வாரத்தில் நான் சொல்லாமல் அவர்களாகவே ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான் முதல்முறை, அதுவும் எனக்கு எதிராக. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காது மட்டும் சுட்டது.

நான் பந்தை எடுத்தேன். விதி என்றால் விதி என்றேன். அப்போதுதான் தும்பி பேசினாள். நீங்கள் கேட்டது இதைத்தான், அக்கா. கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “சீக்கிரம் எறிஞ்சிடுங்க கோச்சக்கா, நிக்க முடியல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்கிற மாதிரி சொன்னாள்.

முதல் பந்து தோளில். இரண்டாவது வயிற்றில். வாளி குறுக்கே வந்தாள், தள்ளிவிட்டேன். மூன்றாவது நெஞ்சுக்கு நடுவில் பட்டது. குறி பார்த்துத்தான் எறிந்தேன், எனக்குக் குறி தவறாது. அவள் சத்தமில்லாமல் மடங்கி விழுந்தாள். அந்த நொடியில் என் உடம்பு பூராவும் ஓர் இதம் இறங்கியது. அத்தனை நாளும் மற்றவர்கள் முகத்தில் பார்த்துப் பார்த்து எழுதிய அமைதி இதுதானா என்று நினைத்தேன். பந்து சுவரில் பட்டு, உருண்டு, என் காலடிக்கே வந்தது. குனிந்து எடுத்தேன். விழுந்து கிடந்தவள் மேல் நான்காவது முறையும் எறிந்தேன்.

அந்த நான்காவதற்கு மட்டும்தான் என்னிடம் காரணம் இல்லை. மற்றதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் செய்தேன், அக்கா.